சமையலறைச் சுவரில் ஒரு செயற்கை நாசி

2021 ஆம் ஆண்டின் இறுதி இரு மாதங்களை இந்நாட்டுக் குடும்பங்கள் எளிதில் மறந்திருக்கமாட்டா. எரிவாயு அடுப்புகளும் ரெகுலேற்றர்களும் சிலிண்டரை அடுப்போடு இணைக்கும் குழாய்களும் வெடித்துச் சிதறிய செய்திகள் அன்றாடம் எமது மேசைக்கு வந்துகொண்டிருந்தன. விறகடுப்பைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் கழிந்த நகரவாசிகள் கூட மீண்டும் விறகு தேடினர். சிலிண்டர்களில் அடைக்கப்பட்ட கலவையில் புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரு வாயுக்களின் விகிதம் மாற்றப்பட்டமையே பிரதான காரணமென இது குறித்து ஆராய நியமிக்கப்பட்ட குழு கண்டறிந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. எமது நாட்டு வெப்பநிலையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனினதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாகும். அதன் பங்கு கூடினால் குழாய்களின் மீதும் இணைப்புகளின் மீதும் அழுத்தம் கூடும். பலவீனமான இடத்தில் கசிவு ஏற்படும். கசிந்த வாயு ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

அந்நாட்களில் கலவை பற்றியும், வாயுவுக்கு மணமூட்டும் பொருளின் அளவு பற்றியும் போதிய சர்ச்சைகள் நடந்தன. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் ஏனோ அதிகம் பேசப்படவில்லை. கசிவை அறிந்துகொள்ள நாம் எமது மூக்கை மட்டுமே நம்பியிருக்கின்றோமே, அது எந்தளவுக்கு நம்பத்தக்கது என்பதே அக்கேள்வி.

புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லத்தக்க மணம் கிடையாது. அழுகிய முட்டைக்கோவாவை ஒத்த அந்த நாற்றம், எதைல் மெர்கப்டன் எனும் கந்தகச் சேர்வையை வேண்டுமென்றே சிறிதளவு கலப்பதனால் வருவது. காற்றிலே ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தால் சமையல் எரிவாயு தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். அந்த எல்லையின் ஐந்திலொரு பங்கை எட்டுமுன்னரே மூக்குக்குத் தெரியவேண்டுமென்பது பல நாடுகளில் உள்ள விதி. ஆனால் மூக்கு உறங்கும் மனிதரோடு தானும் உறங்கிவிடும். ஒரே நாற்றத்தைச் சில நிமிடங்கள் நுகர்ந்தால் அதற்குப் பழகிப்போகும். முதுமையில் மந்தமாகும். 2020 ஆம் ஆண்டு தொடங்கிய கொரோனாப் பெருந்தொற்றின்போது இலட்சக்கணக்கானோர் மணமறியும் ஆற்றலை இழந்திருந்ததும் நாம் கண்டதே. இவை எல்லாவற்றையும் விட, அடுப்பருகே நிற்கும் பாட்டியின் மூக்கைத்தான் ஒரு வீடு முழுவதும் தன் பாதுகாப்புக்கு நம்பியிருக்கின்றது என்பது சற்றே அச்சந்தரும் உண்மை.

இம்மூக்கின் இடத்தில் வைக்கத்தக்க கருவி உண்டா எனில், உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறும் அதற்கு உண்டு. உலோக ஒட்சைட்டு வாயு உணரி என்பது அதன் பெயர். அண்மைக் காலத்தில் அதன் மேற்பரப்பில் உலோகங்களின் மிக நுண்ணிய துணிக்கைகளை ஊக்கிகளாகப் பதிப்பதன் மூலம் அதன் ஆற்றல் பெரிதும் வளர்க்கப்பட்டுள்ளது. இரசாயனவியலைப் பாடசாலை வாசலோடு விட்டுவந்த எம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கும் இவ்விடயம் விளங்கக்கூடியதே. விளங்கவேண்டியதும் கூட.

வாயுவை அறிய மனிதன் முதலில் நாடியது உயிரினங்களையே. பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் காபனோரொட்சைட்டைக் கண்டறியக் கனாரிக் குருவிகள் கூண்டிலே கொண்டுசெல்லப்பட்டன. அவ்வழக்கம் 1986 வரை நீடித்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். திண்மப் பொருளொன்றின் மின்னியல்பு சுற்றியுள்ள வாயுவால் மாறுபடுகின்றது என்பதை 1953 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிராட்டெய்ன், பார்டீன் ஆகிய இருவரும் ஜேர்மானியம் எனும் குறைகடத்தியில் காட்டினர். எனினும் அதனைக் கருவியாக்கிய பெருமை ஜப்பானியரையே சாரும். 1962 ஆம் ஆண்டில் கியூஷு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டெட்சுரோ செய்யாமா நாக ஒட்சைட்டின் மெல்லிய படலத்தைக் கொண்டு வாயுக்களை அறியலாமென வெளியிட்டார். அதே ஆண்டில் நவோயோஷி தகுச்சி என்பவர் வெள்ளீய ஈரொட்சைட்டைக் கொண்டு தாம் உருவாக்கிய உணரிக்குக் காப்புரிமை கோரினார். ஜப்பானிய வீடுகளில் சிலிண்டர் எரிவாயு வேகமாகப் பரவி, கசிவினால் வெடிப்புகள் நிகழ்ந்த காலம் அது. 1968 இல் தகுச்சியின் உணரி பேரளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. மறு ஆண்டில் அதற்கெனவே பிகாரோ எனும் நிறுவனம் தோன்றியது. இன்றைக்கும் உலகெங்கும் விற்பனையாகும் மலிவான வாயு அபாய அறிவிப்புக் கருவிகள் பலவற்றினுள் இருப்பது தகுச்சியின் அந்த வெள்ளீய ஈரொட்சைட்டின் வழித்தோன்றலே.

இது இயங்கும் விதம் எளிமையானது. வெள்ளீய ஈரொட்சைட்டு ஒரு குறைகடத்தி. அதில் ஓரளவு இலத்திரன்கள் சுயேச்சையாக உலவுகின்றன. அதன் நுண்மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிய படலமாக்கி, கீழே ஒரு சிறு வெப்பமாக்கியை வைத்து 200 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுகின்றனர். காற்றிலுள்ள ஒட்சிசன் மணிகளின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொண்டு, அங்குள்ள இலத்திரன்களைப் பறித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கின்றது. இதனால் ஒவ்வொரு மணியின் புறத்தோலிலும் இலத்திரன் வறண்ட ஒரு படை உண்டாகின்றது. ஒரு மணியிலிருந்து மறு மணிக்கு மின்னோட்டம் செல்ல இவ்வறண்ட படையைக் கடக்கவேண்டும். ஆகவே தடை உயர்ந்து நிற்கின்றது. இப்போது எரிவாயு வருகின்றது. அது மேற்பரப்பிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுற்று எரிந்துபோக, ஒட்சிசன் பறித்து வைத்திருந்த இலத்திரன்கள் மணிக்குத் திரும்புகின்றன. தடை வீழ்கின்றது. அந்த வீழ்ச்சியை ஒரு சாதாரண மின்சுற்று அளந்து மணியடிக்கின்றது. உண்மையில் இவ்வுணரி வாயுவை முகர்வதில்லை. தன் தோலின் மீது சிறிதளவு வாயுவை எரித்துப் பார்த்தே அதன் வரவை அறிகின்றது.

எரித்துப் பார்ப்பதுதான் வேலையெனில், எரிதலை இலகுவாக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் உணர்வு கூடுமன்றோ? தாக்கத்தைத் துரிதப்படுத்திவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும் பொருளையே ஊக்கி என்கின்றோம். மோட்டார் வாகனப் புகைபோக்கியில் நச்சுப் புகையைத் தணிக்கும் பிளாற்றினமும் பலேடியமும் அத்தகையனவே. டங்ஸ்ரன் ஒட்சைட்டின் மீது சிறிது பிளாற்றினத்தைப் பதித்து ஐதரசனை அறியலாமென 1967 இல் ஷேவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். வெள்ளீய ஈரொட்சைட்டு உணரிகளிலும் பலேடியம் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆயினும் சேர்த்த உலோகம் அங்கே என்ன செய்கின்றது என்பது நெடுநாள் தெளிவின்றியே இருந்தது. 1980 களில் செய்யாமாவின் வழிவந்த நொபொரு யமசோயேயும் அவரது சகாக்களும் அதற்கு விடை கண்டனர். உலோகத் துணிக்கை இரு வழிகளில் உதவுகின்றது என்பதே அவர்கள் கண்ட விடை.

முதலாவது இரசாயன வழி. வாயு மூலக்கூறு முதலில் உலோகத் துணிக்கையின் மீது அமர்கின்றது. அங்கே அது உடைக்கப்பட்டு, தாக்குதிறன் மிக்க துண்டுகளாகி, அயலிலுள்ள ஒட்சைட்டின் மேல் வழிந்து பரவுகின்றது. பிளாற்றினம் பெரும்பாலும் இவ்வாறே செயற்படுகின்றது. இரண்டாவது மின் வழி. இதில் உலோகம் தாக்கத்தில் நேரடியாக இறங்காது. வெள்ளியும் பலேடியமும் காற்றிலே ஒட்சைட்டாக மாறி, தாம் அமர்ந்திருக்கும் வெள்ளீய ஈரொட்சைட்டு மணியிலிருந்து இலத்திரன்களை இழுத்து வைத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே வறண்டிருந்த படை இன்னும் ஆழமாக வறண்டுபோகின்றது. எரிவாயு வந்ததும் அவ்வொட்சைட்டு மீண்டும் உலோகமாகி, பிடித்து வைத்திருந்த இலத்திரன்களை ஒருசேர விட்டுவிடுகின்றது. மதகை உயர்த்திக் கட்டி வைத்திருந்து திறந்துவிடுவதற்கு இதனை ஒப்பிடலாம். சிறிதளவு வாயுவுக்கே தடை பெரிதாக வீழ்வதன் காரணம் இதுவே.

இவ்விரு வழிகளிலும் உலோகத்தின் அளவைவிட அது எவ்வளவு நுண்மையாகப் பரப்பப்பட்டுள்ளது என்பதே முக்கியமாகின்றது. நனோ எனும் சொல் இவ்விடத்தில்தான் பொருள்பெறுகின்றது. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள உலோகக் கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர். அதே கட்டியைப் பத்து நனோமீற்றர் பக்கமுள்ள சிறு கட்டிகளாகச் சீவினால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். ஏறத்தாழ 24 பேர்ச் காணி. உலோகம் அதே அளவுதான். பரப்பு மட்டும் பத்து இலட்சம் மடங்கு பெருகிவிட்டது. மூன்று நனோமீற்றர் அளவான துணிக்கையில் மூன்றிலொன்றுக்கும் மேற்பட்ட அணுக்கள் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. ஊக்கியாகப் பணியாற்றுவது மேற்பரப்பு அணுக்கள் மட்டுமே ஆதலால், விலைமிக்க பலேடியத்தில் வீணாகும் பங்கு குறைகின்றது.

அளவு சுருங்கும்போது சில பொருள்களின் குணமே மாறிவிடுவதும் உண்டு. இதற்குத் தங்கத்தைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. எம்மவர் தாலியாகவும் வளையலாகவும் தலைமுறை தலைமுறையாக அணியும் தங்கம் எதனோடும் எளிதில் தாக்கமுறாத உலோகம். அதன் மதிப்பும் அதிலேயே தங்கியுள்ளது. அந்தத் தங்கத்தை ஐந்து நனோமீற்றரிலும் சிறிய துணிக்கைகளாக்கி ஓர் உலோக ஒட்சைட்டின் மீது பதித்தபோது, காபனோரொட்சைட்டைப் பூச்சியம் பாகைக்கு வெகு கீழான வெப்பநிலையிலும் அது எரித்துவிடக் கண்டார் ஜப்பானிய விஞ்ஞானி மசதகே ஹருட்டா. 1987 இல் அவர் வெளியிட்ட முடிவை அத்துறையினர் பலர் முதலில் நம்பத் தயங்கினர். இன்று காபனோரொட்சைட்டை அறியும் உணரிகளுக்கான ஆய்வில் நனோத் தங்கத்துக்குத் தனியிடம் உண்டு.

வெள்ளீய ஈரொட்சைட்டு மணிகளின் அளவிலும் இதே உண்மை உண்டு. இலத்திரன் வறண்ட படையின் தடிப்பு ஏறத்தாழ மூன்று நனோமீற்றர். மணியின் விட்டம் ஆறு நனோமீற்றருக்குக் கீழே இறங்கினால் இரு புறத்து வறண்ட படைகளும் நடுவிலே சந்தித்து, மணி முழுவதுமே வாயுவின் வரவுக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். அவ்வெல்லைக்குக் கீழே உணர்திறன் செங்குத்தாக உயர்வதை யமசோயேயின் குழுவினர் 1991 இல் எடுத்துக்காட்டினர். 2005 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்ரா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த கொல்மக்கோவ், மொஸ்கோவிட்ஸ் ஆகியோரும் சகாக்களும் வெள்ளீய ஈரொட்சைட்டின் தனியொரு நனோ இழையை எடுத்து, அதன் மீது பலேடியத் துணிக்கைகளைப் படியவைத்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்தனர். ஒரே இழை. ஊக்கி படிந்த பின்னர் ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் அது காட்டிய மறுமொழி பெருமளவு உயர்ந்தது. கோடிக்கணக்கான மணிகளின் கும்பலிலே ஊகித்தறியப்பட்ட ஒன்று, இங்கே தனி இழையில் கண்முன் நிறுவப்பட்டது எனலாம்.

அப்படியாயின் ஊக்கியை அள்ளிக் கொட்டிவிடலாமே எனத் தோன்றக்கூடும். அது நடவாது. துணிக்கைகள் மிகுந்தால் அவை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, மின்னோட்டம் ஒட்சைட்டைத் தவிர்த்து உலோகத்தின் வழியே ஓடிவிடும். பின்னர் வாயு வந்தாலென்ன, போனாலென்ன? வாயுவும் படலத்தின் மேற்தட்டிலேயே எரிந்து தீர்ந்து, உள்ளே இருக்கும் மணிகளை எட்டாது போகும். எனவே பெரும்பாலும் நிறையில் நூற்றுக்குச் சில பங்குகளுக்கு மேல் செல்லாமலேயே ஊக்கியைச் சேர்க்கின்றனர். கறிக்கு உப்பிடும் கைப்பக்குவம் இதிலும் வேண்டியிருக்கின்றது. இன்னொரு இடரும் உண்டு. உணரி ஓயாது சூட்டிலேயே இருப்பதால், நுண்துணிக்கைகள் மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று இணைந்து பெருத்துவிடும். நனோவாக இருந்தது நாளடைவில் நனோவாக இராது. துணிக்கைகளை ஒட்சைட்டின் துளைகளுக்குள் நங்கூரமிடுவதும், அவற்றின் மேல் மெல்லிய உறை போர்த்துவதும், உலோகத்தைத் தனித்தனி அணுக்களாகவே பிரித்துப் பதிப்பதும் இதற்கான மாற்றுகளாக இன்று ஆராயப்படுகின்றன.

ஆய்வேடுகளில் வெளிவரும் எண்களை நாம் சற்று ஐயத்துடனேயே நோக்குகின்றோம். உணர்திறன் பத்து மடங்கு உயர்ந்தது, நூறு மடங்கு உயர்ந்தது என்று ஆண்டுதோறும் அறிவிப்புகள் வருகின்றன. அவற்றுட் பல வரண்ட, தூய, செயற்கைக் காற்றிலே பெறப்பட்ட முடிவுகள். சமையல் எரிவாயு நூற்றுக்கு இரண்டு பங்கில்தான் தீப்பற்றும் என்கையில், அதில் நாலிலொரு பங்கை, அதாவது பத்து இலட்சத்தில் ஐயாயிரம் பங்கை, பிசகின்றி அறிந்தாலே ஒரு வீட்டுக்குப் போதும். தகுச்சியின் பழைய உணரிக்கே அது இயலும். காபனோரொட்சைட்டு போன்ற நஞ்சை அறியவே பன்மடங்கு கூரிய உணர்வு தேவைப்படுகின்றது. எமது சமையலறைக்கு வேண்டியவை மூன்று: ஈரத்தில் பிசகாமை, வேறு ஆவிகளுக்கு ஏமாறாமை, ஆண்டுகள் பல நீடித்தல். நனோ ஊக்கிகளின் மெய்யான பயனை இம்மூன்றிலுமே அளந்து பார்க்கவேண்டும் என்பது எமது கருத்து.

முதலில் ஈரம். நீராவி வெள்ளீய ஈரொட்சைட்டின் மேற்பரப்பில் படிந்து, ஒட்சிசன் அமரவேண்டிய இருக்கைகளைப் பிடித்துக்கொள்கின்றது. ஒட்சிசன் குறைந்தால் எரிவாயு எரிவதற்கு எதுவுமில்லை. உணரி மந்தமாகும். கொழும்பின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் 80 வீதத்தை ஒட்டியே இருக்கின்றது. சோறு கொதிக்கும் அடுப்பருகே அது இன்னும் உயரும். குளிர் நாட்டின் வரண்ட அறையில் சீர்செய்யப்பட்ட கருவியொன்று இங்கே அதே கணக்கில் இயங்கும் என்று எண்ணுவதற்கில்லை. இவ்விடயத்தில் நம்பிக்கையூட்டும் ஆய்வொன்று மீண்டும் கியூஷு பல்கலைக்கழகத்திலிருந்தே வந்துள்ளது. பலேடியத்தின் நனோத் துணிக்கைகள் பதிக்கப்பட்ட வெள்ளீய ஈரொட்சைட்டில், ஈரக் காற்றிலும் ஒட்சிசன் தன் இருக்கையை இழக்காமல் நிற்பதைப் பேராசிரியர் ஷிமனொயேயின் குழுவினர் 2015 இல் வெளியிட்டனர். உணர்திறனைப் பன்மடங்காக்கிய செய்திகளைவிட, எம்மைப் போன்ற ஈரவலய நாட்டவருக்கு இச்சிறு முடிவே பெரிதாகப் படுகின்றது.

அடுத்தது ஏமாற்றம். எரிவாயுவை எரித்து அறியும் உணரி, எரியக்கூடிய எதனையும் அறியும். மதுசாரத்தின் ஆவியையும் அறியும். 2021 டிசெம்பரில் அச்சமிகுதியால் எமது ஆசிரிய பீடத்தின் தேநீர் அறையிலும் ஒரு கருவி வாங்கி மாட்டப்பட்டது. கொரோனாக் காலமாதலால் வாசலில் கை சுத்திகரிக்கும் திரவப் போத்தல் ஒன்றும் இருந்தது. எவராவது அதை எடுத்துக் கையில் தேய்க்கும்போதெல்லாம் கருவி அலறத் தொடங்கியது. முதல் நாள் அனைவரும் வெளியே ஓடினோம். மூன்றாம் நாள் எவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் யாரோ அதன் மின்செருகியைக் கழற்றிவிட்டனர். புலி வருகின்றது எனக் கூவிய இடையனின் கதைதான். வீண் கூச்சலிடும் கருவியைவிடக் கருவியற்ற வீடு மேலானது என்று கூடச் சொல்லலாம். கருவியற்றவன் எச்சரிக்கையாகவாவது இருப்பான்.

இதற்கு மாற்றுகள் சில உள. உணரியின் வாயிலில் கரித்தூள் வடிகட்டியை வைத்தால் மதுசார ஆவி அதிலே தடைப்பட்டுவிடும். எரிவாயு ஊடுருவிச் செல்லும். மலிவானதும் பயனுள்ளதுமான இம்முறை சந்தையிலுள்ள நல்ல கருவிகளில் கையாளப்படுகின்றது. நனோ ஊக்கிகள் இதற்கு மேலும் ஒரு படி செல்ல இடந்தருகின்றன. எந்த உலோகம், என்ன அளவு, எந்த வெப்பநிலை என்பவற்றைத் தெரிவதன் மூலம் ஒரு வாயுவுக்குக் கூடுதலாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் மறுமொழி தரும்படி உணரியை வளைக்கலாம். வெவ்வேறு ஊக்கிகள் பதித்த பல உணரிகளை ஒருங்கே வைத்து, அவற்றின் மறுமொழிகளைச் சேர்த்துப் பார்த்து வாயுவை இனங்காணும் மின்னணு மூக்கை 1982 இல் இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சோட், ஜோர்ஜ் டொட் ஆகியோர் முன்வைத்தனர். எமது மூக்கும் அவ்வாறே இயங்குகின்றது. முழுமையான தெரிவுத்திறன் இன்றுவரை கைகூடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது ஆயுள். தலைமுடிக்கும் தளபாட மெருகுக்கும் கதவிடுக்கு அடைப்புக்கும் பயன்படும் பொருள்கள் பலவற்றில் சிலிக்கோன் சேர்வைகள் உள. அவற்றின் ஆவி உணரியின் சூட்டில் எரிந்து, மணல் போன்ற மெல்லிய படையாக ஊக்கியின் மேல் படிந்துவிடும். அதன் பின்னர் அவ்வூக்கி குருடே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். இதனாலேயே ஜப்பானில் வீட்டு எரிவாயு அறிவிப்புக் கருவிகளுக்கு ஐந்தாண்டுக் காலவெல்லை குறிக்கப்படுகின்றது. அத்தவணை முடிந்தால் இயங்கினாலும் மாற்றவேண்டும்.

ஜப்பானின் அனுபவத்தில் நாம் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. தகுச்சி காப்புரிமை கோரியது 1962 இல். 1980 ஆகஸ்ட் 16 இல் ஷிஸுவோக்கா நகரின் ரயில் நிலையத்தருகே நிலக்கீழ் வர்த்தகத் தொகுதியில் வாயு வெடித்து 15 பேர் உயிரிழந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதன் பின்னரே, 1981 இல், அத்தகைய நிலக்கீழ்த் தொகுதிகளில் வாயுக்கசிவு அறிவிப்புக் கருவிகள் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டன. உணரியைக் கண்டுபிடித்த நாட்டுக்கே அதைச் சட்டத்தினுள் கொண்டுவர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. எமது நாட்டு வெடிப்புகளுக்குப் பின் கலவையின் விகிதம் பற்றிப் பேசியவர்கள், கசிவை அறியும் கருவி பற்றியும் பேசியிருக்கலாம். இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

இத்துறையில் எமக்கு எதுவுமே இல்லையென்றும் கூறிவிட முடியாது. 2008 இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் ஹோமாகமவில் இயங்கிவருகின்றது. புல்மோட்டைக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைற்றும் உருட்டைலும் தைத்தானியத்தின் கனிமங்கள். தைத்தானியம் ஈரொட்சைட்டும் வாயுவை உணரும் ஒட்சைட்டுகளுள் ஒன்று. வாகனப் புகையில் ஒட்சிசனை அளக்கும் உணரிகளில் அது பயன்பட்டுள்ளது. நெடுங்காலமாக அம்மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது என்ற பழைய ஆதங்கத்தை இங்கே விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. ஒரு வீட்டு உணரிக்கு வேண்டிய ஒட்சைட்டு ஒரு சிட்டிகை அளவுதான். எனவே மணலை விற்றுச் செல்வம் சேர்க்கும் வழியாக இதைக் காணவேண்டியதில்லை. ஆய்வு மாணவர் சிலருக்கு வேலையும், எமது காற்றுக்கேற்ற ஒரு கருவியும் கிடைக்குமாயின் அதுவே ஆதாயம்.

உடனடியாகச் செய்யத்தக்கது அதைவிட எளிது. இறக்குமதியாகும் அறிவிப்புக் கருவிகளை எமது வெப்பத்திலும் ஈரத்திலும் சோதித்துப் பார்ப்பதற்கு மூடிய ஒரு பெட்டியும், 30 பாகை வெப்பமும், 90 வீத ஈரப்பதனும், அளந்து செலுத்திய எரிவாயுவும் போதும். பல்கலைக்கழகப் பொறியியல் பீடங்கள் எதற்கும் இது பெரும் பணியன்று. எந்த வாயுவுக்கு உரியது, மதுசார வடிகட்டி உண்டா, எந்த ஆண்டில் மாற்றவேண்டும், எங்கே மாட்டவேண்டும் என்ற நான்கு விபரங்களும் பெட்டியின் மீது தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டிருக்கவேண்டும் என விதிக்கலாம். இவற்றுள் இறுதியானதைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது. குழாய் வழியே மேலைநாட்டு வீடுகளுக்கு வரும் மெதேன் காற்றைவிட இலேசானது. கூரையை நோக்கி எழும். ஆகவே அங்கு கருவியை உயரத்தில் மாட்டுவர். நாம் பயன்படுத்தும் சிலிண்டர் வாயு காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து, தாழ்ந்த மூலைகளில் தேங்கும். கருவி தரையை ஒட்டியே இருக்கவேண்டும்.

இக்கட்டுரைக்காக, தேநீர் அறையில் செருகி கழற்றப்பட்ட நிலையில் தூசு படிந்து கிடந்த அக்கருவியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். பின்புறத்துச் சிறு எழுத்துகளில் ஆங்கிலமும் சீனமும் மட்டுமே இருந்தன. சிலிண்டர் வாயுவாயின் தரையிலிருந்து 30 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் மாட்டுக என்றிருந்தது. அது தொங்கிக்கொண்டிருந்ததோ கதவு நிலைக்கு மேலே. மாற்றவேண்டிய ஆண்டை எழுதுவதற்கென விடப்பட்டிருந்த கட்டம் வெறுமையாகவே இருந்தது.